தேய்ந்தது பிரேக்... எடு பணத்தை!

கார் டெலிவரி எடுக்கும் நாளில் ஷோரூமில் கிடைக்கிற மரியாதை, சில பேருக்குச் சொந்தக் கல்யாணத்தில்கூடக் கிடைத்திருக்காது. துணி போர்த்திய கார், ஆளுயர அட்டைச் சாவி, கேக், கைதட்டல், குடும்பத்தோடு போட்டோ! அதே இடத்துக்கு ஒரு வருஷம் கழித்துப் போய், "பிரேக் சீக்கிரமே தேய்ஞ்சு போச்சு, மாத்தின செலவைக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளை மரியாதை மாயமாகி, கைமாத்து கேட்க வந்த மச்சானுக்கு நடக்கும் மரியாதை ஆரம்பமாகிவிடும்.

நான் கேட்டேன். ஒன்பது மாதம் விடாமல் கேட்டேன். கடைசியில் கொடுத்தார்கள். இதில் பெரிய வீரம் எதுவும் இல்லை. ஒரு மஞ்சப் பையும், பி.காம். படிக்கும்போது சொல்லிக்கொடுத்த தேய்மானக் கணக்கும்தான் காரணம். ஆபீஸுக்குப் போய்க்கொண்டு, லோன் கட்டிக்கொண்டு, கார் வைத்திருக்கும் ஆசாமிகளுக்கு உபயோகப்படும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். (கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம். பேசித் தீர்ந்துபோன பங்காளிச் சண்டையைத் திரும்பக் கிளறக் கூடாது.)

காரின் விலை, எல்லாம் சேர்த்து 7,80,000 ரூபாய். மூன்று வருஷ வாரண்டி. வாங்கிப் பதினான்காவது மாதம், மீட்டர் 12,400 கிலோமீட்டர் காட்டியபோது, முன்பக்க இடது சக்கரத்திலிருந்து 'கர்ர்ர்...' என்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். அன்றைக்கே கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். சாயங்காலம் பில் வந்தது.

முன்பக்க பிரேக் பேட் செட் 3,850. டிஸ்க் இரண்டு 7,200. கூலி 1,900. பிரேக் ஆயில், கிளீனிங் இத்யாதி 650. ஆக மொத்தம், வரி உட்பட, 13,600 ரூபாய்!

"வாரண்டி இருக்கே சார்?" என்றேன்.

சர்வீஸ் அட்வைசர் இளைஞர். நல்ல பையன். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். "பேட், டிஸ்க் எல்லாம் தேயற அயிட்டம் சார். அதுக்கு வாரண்டி கிடையாது. நீங்க பிரேக்கை ஜாஸ்தி யூஸ் பண்றீங்க."

"மவுண்ட் ரோட்ல பிரேக் பிடிக்காம போறதுக்கு ஒரு வழி இருந்தா சொல்லுங்க சார், நாளையிலேருந்து அப்படியே போறேன்."

அவர் சிரித்தார். பில் சிரிக்கவில்லை. கட்டினேன். ஆனால், கையெழுத்துப் போடுகிற இடத்தில் 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று எழுதினேன். அப்புறம் ஒரு காரியம் செய்தேன்.

"கழட்டின பழைய பார்ட்டைக் கொடுங்க."

"அது ஸ்கிராப் சார்..."

"இருக்கட்டும். தேய்ஞ்சாலும் அது என்னோடதுதானே?"

ஐந்து நிமிஷம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். நான்கு பேட், இரண்டு டிஸ்க். எந்தச் சக்கரத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதச் சொல்லி, மீட்டரையும் சேர்த்து செல்போனில் படம் எடுத்து, மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். மனைவி, ஏதோ காய்கறி என்று கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மூன்று சாட்சிகள்

திருவல்லிக்கேணியில் எங்கள் தெரு முனையில் ஒரு மெக்கானிக் பாய். முப்பது வருஷ சர்வீஸ். பையைக் கொட்டினேன். நான்கு பேட்டையும் வரிசையாக அடுக்கி, ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"இது ஒண்ணுதான் தம்பி செத்துப்போச்சு. மத்த மூணும் ஜம்முனு இருக்கு."

உண்மைதான். இடது சக்கரத்தின் உள்பக்க பேட் மட்டும் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதே சக்கரத்தின் வெளிப்பக்க பேட், வலது சக்கரத்தின் இரண்டு பேட்கள் மூன்றிலும் 8.5 மில்லிமீட்டர் மிச்சம். புதிய பேட்டை அளந்தால் 11.

விஷயம் இதுதான். முன்சக்கரத்தில் டிஸ்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது காலிப்பர். பெரும்பாலான கார்களில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். பெடலை மிதித்தால் அது உள்பக்க பேட்டைத் தள்ளும். உடனே காலிப்பர் இரண்டு பின்கள் மேல் சறுக்கி வந்து, வெளிப்பக்க பேட்டையும் இழுத்து அழுத்தும். அந்தப் பின் இறுகிக்கொண்டால் காலிப்பர் சறுக்காது. வேலை முழுவதும் உள்பக்க பேட் தலையில் விழும். காலை எடுத்தாலும் அது டிஸ்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். நம் ஆபீஸில் ஒருத்தர் மட்டும் எல்லா ஃபைலையும் பார்த்து, மற்ற மூன்று பேரும் டீ குடிக்கிற மாதிரி!

ஆக, 'ஜாஸ்தி பிரேக் பிடிக்கிறீர்கள்' என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. என் கால் பெடலை மிதித்தால் நான்கு பேட்டுக்கும் சேர்த்துத்தான் மிதிக்கிறது. ஒரே ஒரு பேட்டைத் தேர்ந்தெடுத்துத் தேய்க்கிற வித்தை எனக்குத் தெரியாது.

பாய் இன்னொன்றும் சொன்னார். "காசு கிடக்கட்டும் தம்பி. புது பேட் போட்டாங்க, காலிப்பரைத் தொடலை. அதையும் இது தின்னுடும். வீல் சூடாகும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஹைவே ஏறாதீங்க."

"நீங்களே சரி பண்ணிக் கொடுங்க பாய்."

"நான் கை வச்சா, 'வெளியில கை வச்சுட்டான்'னு கம்பெனிக்காரன் தப்பிச்சுக்குவான். நீங்க அவன்கிட்டயே போங்க."

வருகிற காசை வேண்டாம் என்று சொல்லி இப்படி யோசனை சொல்கிற மனுஷன் இருக்கும் தெருவில் குடியிருக்கிறேனே, அது என் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து கார் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டது. மாதம் 11,400 சொச்சம் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டு, மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போன அந்த மாதங்களில்தான் எனக்குச் சட்டம் படிக்க நேரம் கிடைத்தது.

'சாதாரண' என்ற சொல்

முதலில் எடுத்தது, டாஷ்போர்டில் பாலிதீன் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்த வாரண்டி புத்தகம். அதில் பேட், கிளட்ச், வைப்பர் எல்லாம் வாரண்டியில் சேராது என்றுதான் இருந்தது. ஆனால் எப்படி? 'சாதாரணத் தேய்மானத்தால் மாற்ற வேண்டிவந்தால்' சேராது. காலிப்பரைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆக, சண்டை 'பேட் தேயுமா, தேயாதா' என்பதல்ல. தேயத்தான் பேட். 'இந்தத் தேய்மானம் சாதாரணமா?' என்பதுதான் கேள்வி.

அடுத்து, 10,000 கிலோமீட்டர் சர்வீஸின் ஜாப் கார்டு. 'பிரேக் - ஓ.கே.' என்று டிக் அடித்திருந்தார்கள். அதற்கப்புறம் 2,400 கிலோமீட்டரில் பேட் செத்திருக்கிறது. ஒன்று, அன்றைக்கு அவர்கள் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. அல்லது, பார்த்தபின் அவ்வளவு வேகமாகத் தேய்ந்திருக்கிறது. இரண்டில் எதுவானாலும் குற்றவாளி என் கால் இல்லை.

இனி கணக்கு. இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். கோபத்தில் 'புது கார் கொடு, மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் கொடு' என்று எழுதிவிடுகிறார்கள். என் ஆபீஸ் நண்பர்கள்கூட, "கேக்கறதை பெருசா கேளுடா" என்றார்கள். நான் கேட்கவில்லை. நான் 12,400 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அந்த அளவுக்குத் தேய்ந்தது என் செலவு. மிச்சம்தான் கம்பெனி செலவு.

நல்ல நிலையில் இருந்த மூன்று பேட்களே சாட்சி. 11-ல் ஆரம்பித்து 3-க்கு வந்தால் மாற்ற வேண்டும் என்றார் பாய். உபயோகத்துக்கு உள்ளது 8 மில்லிமீட்டர். 12,400 கிலோமீட்டரில் தேய்ந்தது 2.5. அப்படியானால் ஆயுள் சுமார் 40,000 கிலோமீட்டர். இது நான் சொல்லும் கணக்கல்ல. அதே காரில், அதே டிரைவர் காலடியில், மற்ற மூன்று பேட்கள் சொல்லும் கணக்கு!

பேட், கூலி, ஆயில் மூன்றும் சேர்த்து 6,400 ரூபாய். 40,000-ல் நான் அனுபவித்தது 31 சதவீதம், அதாவது 1,984. மிச்சம் 4,416. டிஸ்க் இரண்டு செட் பேட்டுக்காவது தாங்க வேண்டும் என்று 80,000 வைத்தேன். அனுபவித்தது 15.5 சதவீதம். 7,200-ல் அது 1,116. மிச்சம் 6,084. இரண்டையும் கூட்டினால் 10,500. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாசனை வந்தது

கம்பெனிக்கும் ஷோரூமுக்கும் தனித்தனியாக ஸ்பீடு போஸ்ட். இரண்டு பக்கம்தான். காலிப்பரை வாரண்டியில் மாற்ற வேண்டும், 10,500 ரூபாய் தர வேண்டும். கூடவே படங்கள், பில், ஜாப் கார்டு நகல்கள். 'திருட்டுக் கம்பெனி' போன்ற வசனம் எதுவும் கிடையாது.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. 'தேய்மானம் ஓட்டும் பழக்கத்தைப் பொறுத்தது. எனினும் தங்கள் மேல் உள்ள நல்லெண்ணத்தின் அடையாளமாக ஒரு இலவச வாட்டர் வாஷும், காருக்குள் வைக்கும் வாசனைப் புட்டி ஒன்றும் வழங்குகிறோம்.' பிரேக் பிடிக்கிறதோ இல்லையோ, மல்லிகை வாசனையோடு போய் மோதலாம்!

அடுத்து 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிந்து, ஒரு நம்பர் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பல தகராறுகள் இதிலேயே முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. அதே ஓட்டும் பழக்கம், அதே வாசனை. பதினைந்து நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை.

ஆகவே, மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

'கோர்ட்டா? அதுக்கு யார் அலையறது?' என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போய், 2019-ல் இயற்றிய புதுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதில் நம்மைப் போன்ற ஆபீஸ் ஜீவன்களுக்குச் சில சௌகரியங்கள் உண்டு. கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தாக்கல் செய்யலாம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். கட்டணம், விலை 5 லட்சம் வரை இருந்தால் ஒன்றும் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். என் காருக்கு அந்த 200 ரூபாய்தான். தியேட்டரில் பாப்கார்ன் விலை!

காலக்கெடு ஒன்று உண்டு. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கம்பெனிகள் 'பரிசீலித்துவருகிறோம்' என்று கடிதம் போட்டுக்கொண்டே இருப்பதில், அந்த இரண்டு வருஷத்தையும் பரிசீலித்தே முடித்துவிடுகிற சாமர்த்தியம் அடக்கம்.

இன்னொரு சங்கதி. கம்பெனி, ஷோரூம் இரண்டையும் எதிர் தரப்பாகச் சேருங்கள். 2021-ல் டாட்டா மோட்டார்ஸ் வழக்கில், டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாவிட்டால் அதைக் கம்பெனி தலையில் கட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவரை மட்டும் இழுத்தால், அவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கும் தீர்ப்புகள் இருக்கின்றன. 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் கிளட்ச் கோளாறுக்குப் புது கார் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் மாற்றியது. வாரண்டி என்றால் பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் என்று சொல்லி, அலைச்சல் செலவுக்கு 50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2022-ல் ஹூண்டாய் வழக்கு வேறு மாதிரி. விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. மோதல் போதிய வேகத்தில் இல்லை என்றது கம்பெனி. வேகம், விசை என்று கணக்குப் போட வாங்குகிறவர் பௌதிக நிபுணர் இல்லை என்று சொல்லி, காரையே மாற்றித் தரும் உத்தரவை அதே உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உயிர் காக்கும் பாகம் என்றால் பார்வையே வேறு.

அமெரிக்காவில் எங்கள் பிரேக் சமாசாரத்துக்கு ஒரு பெரியண்ணனே உண்டு. 2008 முதல் 2010 வரையிலான ஹோண்டா அக்கார்டு கார்களில் பின்சக்கர பேட் சீக்கிரம் தேய்கிறது என்று கலிபோர்னியாவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2010-ல் சமரசம். பேட் மாற்றிய செலவில் பாதியை, ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டுத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது கம்பெனி. முழுசும் இல்லை, பாதி. அங்கேயும் தேய்மானக் கணக்குதான்! நம் சட்டத்திலும் ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு ஒரே வழக்காகப் போடலாம்.

ஏன் ரவுண்டாக இல்லை?

என் வழக்கில் கம்பெனி வக்கீல் முதல் வாய்தாவில் வாய்தா வாங்கினார். இரண்டாவதில், வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்தார்.

"அது என்ன சார் பத்தாயிரத்து ஐந்நூறு? எல்லாரும் லட்சம், ரெண்டு லட்சம்னு ரவுண்டா கேப்பாங்க..."

கணக்குத் தாளை நீட்டினேன். மஞ்சப் பையையும் காட்டினேன். தேவைப்பட்டால் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பரிசோதனையைக் கேட்டு மனுவும் தயாராக வைத்திருந்தேன். அவர் நான்கு பேட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்போனை எடுத்துக்கொண்டு தூரமாகப் போனார்.

அடுத்த வாய்தாவில் சமரசம் பதிவானது. 'குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல்' இடது காலிப்பர் இலவசமாக மாற்றம், உள்பக்க பேட் புதுசு, 10,500 ரூபாய், வழக்குச் செலவுக்கு 2,000. ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும், எனக்கு பிரேக் பிடித்தால் போதும். மாற்றியபின் ஜாப் கார்டில் 'காலிப்பர் பின் இறுக்கம்' என்று எழுதவைத்து வாங்கினேன். முதல் ஓட்டமாகக் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வந்தோம். பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்தது. கேட்டதிலேயே பெரிய நஷ்டஈடு அதுதான்.

எல்லாருக்கும் இப்படி வருமா என்றால், வராது. கம்பெனி சொல்வது சரியாக இருக்கும் சமயங்களும் உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்குகிறவருக்கு நான்கு பேட்டும் சேர்ந்தே தேயும். அவர் வழக்குப் போட்டால் 200 ரூபாயும் போய், வாசனைப் புட்டியும் கிடைக்காது. குறை இருக்கிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பு வழக்குப் போடுகிறவர் மேல்தான் இருக்கிறது. காட்டுவதற்குக் கையில் பொருள் வேண்டும்.

அதனால், அடுத்த தடவை சர்வீஸில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் சரி, பணம் கட்டும்போது ஒரே வாக்கியம் சொல்லுங்கள். "பழைய பார்ட்டைக் கொடுங்க சார்." செலவு ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒன்று மட்டும் கோணலாகத் தேய்ந்திருந்தால், அது சாட்சி. பத்திரப்படுத்துங்கள். எல்லாம் சமமாகத் தேய்ந்திருந்தாலும் நஷ்டமில்லை... பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும்!